மணி அடித்த பிறகு ஒரு தடை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் குதிரையில் ஏறியதில்லை. குதிரையின் சிறுநீரை ஒரு கோப்பையில் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்தக் கதை அந்தக் கோப்பையிலிருந்து வந்தது.

படித்தது வேதியியல். போட்டிக் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கும் ஆய்வகத்தில் வேலை. மாதிரிகள் மூடி போட்டு, சீல் வைத்து, குப்பிகளில் வரும். குப்பி பேசாது, நானும் பேச மாட்டேன், எங்களுக்குள் ஒத்துப்போகும். மைதானத்துக்குப் போய் மாதிரி எடுத்து வருவது வேறொருவர் வேலை. ஒருமுறை அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. மேலாளர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"நீ போயிட்டு வந்துடேன். சும்மா நிக்கிற வேலைதான்."

மறுக்கத் தெரியாததால் போனேன்.

(மறுப்பு என்ற சொல்லை இங்கேயே வட்டமிட்டு வையுங்கள். தடைதாண்டும் போட்டியில் குதிரை தடைக்கு முன்னால் வந்து தாண்டாமல் நின்றுவிட்டால் அதற்கு மறுப்பு என்று பெயர். முதல் மறுப்புக்குத் தண்டனைப் புள்ளி. இரண்டாவது மறுப்புக்கு மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.)

அங்கே பார்த்த ஒரு பெண்ணின் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

சூரியன் உதிக்கும் வேளையில் அவள் குதிரையின் பிடரியை மெல்ல வருடியபடி —

இல்லை. சூரியன் உதிக்கும் வேளையில் அவள் லாயத்தில் குதிரை லத்தி அள்ளிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதிலிருந்தே குதிரை என்றால் அவளுக்கு உயிர். கனவில்கூட —

அதுவும் இல்லை. அவளே சொன்னாள், சின்ன வயதில் குதிரை என்றால் பயமாம். "அக்கா குதிரை ஏத்துற லாரி ஓட்டுறா. ஓடுற வண்டியில பின்னாடி குதிரை மிரண்டா யாராவது கூட நிக்கணும்ல. என்னைத் தள்ளிக் கதவைச் சாத்திட்டா. அப்படி ஆரம்பிச்சதுதான்."

மூன்றாவது தொடக்கம் நீங்கள் இப்போது படித்தது. என் தங்கை, நான் எழுதும் எதையும் முதலில் படித்துக் குறை சொல்வதைக் கடமையாக வைத்திருப்பவள், "சிறுநீர்லயா ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள். அங்கேதான் ஆரம்பித்தது என்றேன்.

2

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சவாரி கிளப் ஒன்றில் லாயத்தைச் சுத்தம் செய்யும் வேலை. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குதிரை இருந்தது. கடைசி அறையில், யாருக்கும் வேண்டாத செம்பழுப்புப் பெண் குதிரை ஒன்று நின்றது. தண்ணீரைத் தாண்டச் சொன்னால் நிற்கும். லாரியில் ஏறச் சொன்னால் நிற்கும். லாடம் அடிக்க ஒரு காலைத் தூக்கச் சொன்னால் நாலு காலையும் தரையில் நட்டுக்கொண்டு நிற்கும். பதிவேட்டில் அதற்கு நீளமாக ஏதோ ஒரு பெயர். லாயத்தில் எல்லோருக்கும் அது முடியாதம்மா.

"நீ வேணா ஏறிக்கோ," என்றார் கிளப் செயலாளர். "சும்மா தின்னுட்டு நிக்குது." அவருக்கு அது தாராள குணம்.

இரண்டு வருடம் ஏறினாள். முதல் வருடம் முழுக்க அவள் கற்றுக்கொண்டது விழுவதற்கு மட்டுந்தான். குதிரை நிற்கும், அவள் மட்டும் தடையைத் தாண்டுவாள். கடைசி அறையின் கதவில் ஒவ்வொரு விழுகைக்கும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. நாற்பத்தொன்றாவது கோட்டில் இடது காறையெலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு வந்து, அந்தக் கோட்டை மட்டும் கொஞ்சம் தடிப்பாக இழுத்துவிட்டு, மறு கையால் லத்தி அள்ளினாள்.

இரண்டாம் வருடம் கோடுகள் குறைந்தன. சின்னப் போட்டிகளில் இரண்டு முறை மூன்றாம் இடம். பெரிய போட்டிகளில் இரண்டு முறை வெளியேற்றம். அதன் பிறகு கமிட்டி கூடி முடிவெடுத்தது: இன்னொரு முறை மணி அடித்தால் குதிரையை விற்றுவிடுவது.

வேறு குதிரை கொடுப்பார்களா என்று அவள் கேட்கவில்லை. கொடுக்க மாட்டார்கள். இந்தக் குதிரை போனால் அவள் கையில் மிஞ்சுவது வாரியலும் கூடையும்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மீது ஒரு சந்தேகம் வந்தது. ஒரு கதாநாயகிக்கு ஜெயிப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று வேண்டாமா? அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, அப்படி ஏதாவது? போட்டியன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், ஏன் ஜெயிக்கணும் என்று. கொஞ்சம் யோசித்தாள். "தோத்துப் பாத்தாச்சு மேடம்," என்றாள். இதைவிடப் பெரிய காரணம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.)

3

போட்டி இரண்டு நாள். சனிக்கிழமை முதல் சுற்று, ஞாயிற்றுக்கிழமை முக்கியச் சுற்று; ஒன்றில் வெளியேறினாலும் மற்றதில் இறங்கலாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அலுவலக அறையில், ஒரு தொப்பிக்குள் எண்களைப் போட்டுக் குலுக்கி, பரிசோதனைக்கு மூன்று குதிரைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சீட்டில் முடியாதம்மாவின் எண். அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மைதான வாசலில், நீளமான கழியில் மாட்டிய கோப்பையுடன் நின்றேன். பார்க்கிறவர்கள் வலை போடாமல் மீன் பிடிக்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

சுற்று தொடங்கும் முன் சவாரி செய்பவர்கள் மைதானத்துக்குள் நடந்து, தடைக்கும் தடைக்கும் நடுவே தூரம் அளப்பார்கள். நான்காம் தடைக்கும் ஐந்தாவதான சுவருக்கும் நடுவே முப்பத்திரண்டு காலடி. இறங்க இரண்டு, எழும்ப இரண்டு கழித்தால் இருபத்தெட்டு. நான்கு காலடிக்குக் குதிரையின் ஒரு பாய்ச்சல். ஆக ஏழு. கணக்கு சுத்தமாக இருந்தது, எனக்குப் பிடித்திருந்தது.

"ஏழு," என்றார் அவளுடைய பயிற்சியாளர்.

"இது ஆறுல போகும் சார். இழுத்து வச்சா இதுக்குப் பிடிக்காது."

"கணக்கு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"கணக்கு உங்களுக்குத் தெரியும் சார். குதிரை எனக்குத் தெரியும்."

"அப்ப குதிரைகிட்டயே பயிற்சி எடுத்துக்கோ. ஏழு."

அவள் ஏழில் போனாள். நான்காம் தடையைத் தாண்டி இறங்கியதும் கடிவாளத்தை இழுத்துக் குதிரையின் பாய்ச்சலைச் சுருக்கினாள். ஓடுகிறவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி விட்டது போல இருந்தது. ஏழாவது பாய்ச்சலில் சுவர் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. சுவர் என்றால் செங்கல் போலச் சாயம் பூசிய மரப்பெட்டிகள்தான், ஆனால் குதிரைக்கு அதை யார் சொல்வது? முடியாதம்மா நின்றது.

சுற்றி வந்தாள். வாசலிலிருந்து பயிற்சியாளர் ஏழு விரல்களைக் காட்டினார். மறுபடி ஏழு. மறுபடி நின்றது.

மணி அடித்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. வெளியேற்றப்பட்டவர் விரும்பினால், போகும் முன் ஒரே ஒரு தடையைத் தாண்டிவிட்டுப் போகலாம். புள்ளி கிடையாது, எதிலும் எழுத மாட்டார்கள். பயந்துபோன குதிரை தோல்வியோடு வெளியே போகக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எல்லோரும் இருப்பதிலேயே சின்னத் தடையைத் தேர்ந்தெடுப்பார்கள். பயிற்சியாளரும் முதல் தடையைத்தான் காட்டினார், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே.

அவள் நடுவர்களைப் பார்த்து ஹெல்மெட்டைத் தொட்டாள். முதல் தடைப் பக்கம் குதிரையைத் திருப்பினாள். அப்புறம் அதைக் கடந்து போனாள்.

நான்காம் தடையின் ஓரமாக வந்தபோது கடிவாளத்தைத் தளர்த்தினாள். வாய்விட்டு எண்ணினாள், வாசல் வரை கேட்டது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு.

ஆறுக்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், நான்கு குளம்புகள் மண்ணில் இறங்கிய சத்தம்.

யாரும் கைதட்டவில்லை. கணக்கில் வராத ஒன்றுக்குத் தட்டலாமா கூடாதா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. வெளியே நின்ற லாரிகளில் ஒன்று மட்டும் நீளமாக ஹாரன் அடித்தது. எல்லாக் குதிரைகளும் மிரண்டன. ஒலிபெருக்கியில், வாகன ஓட்டுநர் ஒருவருக்கு எச்சரிக்கை விடுத்தார்கள்.

4

குதிரை எப்போது சிறுநீர் கழிக்கும் என்பது குதிரையின் விருப்பம். நாம் காத்திருக்க வேண்டும். வைக்கோல் பரப்பிய அறையில் ஒரு மூலையில் நான், கழியும் கோப்பையுமாக. நடுவில் முடியாதம்மா. அந்தப் பக்கம் அவள், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல். வாசலில் எச்சரிக்கை வாங்கிய ஓட்டுநர், அதாவது அக்கா.

"சீட்டி அடிங்க மேடம்," என்றாள் அக்கா. "சீட்டி அடிச்சா வரும்."

எனக்கு அடிக்க வராது. முயன்றேன். காற்றுதான் வந்தது.

"பஞ்சரான டயர் மாதிரி இருக்கு மேடம். விட்டுடுங்க."

அக்கா அடித்தாள். பக்கத்து அறையில் ஒரு குதிரை உடனே பெய்தது. முடியாதம்மா அக்காவைப் பார்த்துக் காதை மட்டும் அசைத்தது.

"பாரு, ஒண்ணுக்குப் போறதுக்கும் முடியாதாம்." அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, ஆறுல போகும்னு தெரியுமில்ல? அப்புறம் எதுக்கு ரெண்டு தடவை ஏழுல போனே?"

"சார் சொன்னார்."

"சாரா மேல உக்காந்திருந்தார்?"

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சுற்றை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள் என்பது விரல்களிலிருந்து தெரிந்தது. உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. குதிரை தலையைத் திருப்பியது. நாலு, அஞ்சு, ஆறு. கால்களை அகட்டியது. நான் கழியோடு ஓடினேன்.

"ஆறுன்னா ஒத்துக்குது," என்றாள் அக்கா. "மேடம், எழுதிக்கோங்க."

நாற்பத்து மூன்று நிமிடம். எழுதிக்கொண்டேன். மூன்று பேரும் சிரித்தோம், நான்கூடச் சத்தமாக. சீல் ஒட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. செயலாளர்.

5

இந்தப் பகுதியை நான் பல முறை எழுதியிருக்கிறேன்.

"என்ன கொடுத்தே இதுக்கு?" என்று அவர் கேட்டார். இந்த வரி எல்லா வடிவங்களிலும் உண்டு. "ரெண்டு தடவை நின்ன சுவரை மூணாவது தடவை பறந்து தாண்டுது. சும்மாவா தாண்டும்? அதான் டெஸ்டுக்கே வந்துட்டாங்க. இல்லையா மேடம்?"

முதல் வடிவம்: ஆய்வகப் பெண் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். "நிறுத்துங்க சார்," என்று அவள் கணீரென்ற —

எனக்குக் கணீரென்ற குரல் கிடையாது.

இரண்டாம் வடிவம்: ஆய்வகப் பெண் பையிலிருந்து குலுக்கல் சீட்டை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் கையில் —

சீட்டு பையில்தான் இருந்தது. பையைவிட்டு வரவில்லை.

மூன்றாம் வடிவத்தில் ஆய்வகப் பெண்ணையே நீக்கிவிட்டேன். அக்கா, தங்கை, குதிரை, செயலாளர். கதை இன்னும் நன்றாகவே இருந்தது. அதனாலேயே அதைக் கிழித்தேன்.

நடந்தது இது: நான் குனிந்து, சீல் மேல் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். ஒருமுறை எழுதிய எண்ணின் மீதே மறுபடியும் எழுதினேன். காலையிலேயே குலுக்கல் போட்டாச்சு சார் என்று நான்கு சொல் போதும். தொண்டை வரை வந்து நின்றது. மறுப்பு என்றால் குதிரைக்கு மட்டும் வருவது இல்லை.

என் மௌனத்தை அவர் கையெழுத்தாக எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா? அவங்களே பேசல. நாளைக்கு இறங்க வேண்டாம். இன்னைக்கே கிளம்பட்டும். வாங்குறவர் திங்கட்கிழமை வர்றார்."

"நான் எதுவும் கொடுக்கல," என்றாள் அவள். "நாளைக்கு இறங்குவேன்."

"மணி அடிச்சா விக்கிறதுன்னு பேசினதுதானே?"

"மணி அடிச்சதுக்கு வித்துக்கோங்க. திங்கட்கிழமை வித்துக்கோங்க. ஆனா நாளைக்கு ஞாயிறு. பேர் கொடுத்தாச்சு. எடுக்கணும்னா நடுவருக்கு எழுதிக் கொடுக்கணும். மருந்து கொடுத்திருக்கான்னு எழுதி, உங்க பேர் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. வாங்க, நானும் கூட வர்றேன்."

அவர் எழுதவில்லை. வாயால் சொல்வதைக் கையால் எழுதச் சொன்னால் பலருக்கு விரல் வராது.

"குதிரை கிளப்போடது, ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

"குதிரை கிளப்போடதுதான் சார்," என்றாள் அக்கா வாசலிலிருந்து, மிகப் பணிவாக. "லாரி என்னோடது. என்ஜின்ல ஏதோ சத்தம் வருது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வரும்னு தோணுது."

"காலைல நல்லாத்தானே வந்துச்சு?"

"ஆமா சார். இப்ப நீங்க பேச ஆரம்பிச்சப்பதான் கேட்டுச்சு."

"நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். "ரிசல்ட் எப்ப வரும் மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வாரம்."

"சரி." அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் அதன் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. "அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

மாதிரி கெட்டுப்போகும் முன் ஆய்வகம் சேர வேண்டும். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்று மதியமே கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமையை நான் பார்க்கவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமைக்கு நிறைய எழுதிப் பார்த்தேன். ஜெயித்தாள் என்று ஒன்று. விழுந்தாள் என்று ஒன்று. விடிந்ததும் செயலாளர் வேறொரு லாரியோடு வந்தார் என்று ஒன்று. யாரிடமாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் திறக்க வேண்டும், அந்த வாயை நான் எங்கே மூடி வைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் எடுத்த மாதிரி என்பதால் பக்கத்து மேசைக்காரர் சோதித்தார். இரண்டு வாரம் கழித்து அறிக்கை. எதுவும் கொடுக்கப்படவில்லை.

இரண்டு வருடம் போனது. அந்தப் பக்கத்தின் மிகப் பெரிய தடைதாண்டும் போட்டி முடிந்து ஒரு பெட்டி வந்தது. மாதிரி எடுப்பவர், பழைய சுளுக்குக்காரர், படிவத்தின் மேல்பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு கீழ்ப்பாதியை மட்டுமே எங்களுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் குதிரை என்று எங்களுக்குத் தெரியக் கூடாது; பெயர்கள் படிவத்திலேயே இருக்காது, எண் மட்டும்தான். ஒரு படிவத்தைக் கிழிக்க மறந்திருந்தார். நான் பார்க்காமல் திருப்பியிருக்க வேண்டும். பார்த்தேன்.

தேர்வுக்கான காரணம்: முதலிடம்.

பெண் குதிரை. செம்பழுப்பு.

குறிப்பு: சீட்டிக்கு இணங்கவில்லை. ஐம்பத்தைந்து நிமிடம். உடன் இருந்த பெண் ஆறு வரை திரும்பத் திரும்ப எண்ணிய பிறகே மாதிரி கிடைத்தது.

அதற்குக் கீழே, உடன் இருந்தவர் யார் என்று மூன்று கட்டங்கள். சவாரி செய்தவர். உரிமையாளர். லாயப் பணியாளர். மூன்றிலும் குறி இல்லை.

முடியாதம்மா ஜெயித்துவிட்டது. அந்தப் போட்டியில், அத்தனை பேருக்கு முன்னால். அறையில் அவள் இருந்திருக்கிறாள், அவளைத் தவிர ஆறோடு நிறுத்துகிறவர் யார்? ஆனால் எங்கிருந்து வந்து அந்த அறையில் நின்றாள்? சேணத்திலிருந்து இறங்கியா? வேறொருவர் அவளுடைய ஆறில் ஏறி ஜெயித்துவிட்டுப் போன பிறகு, கூடையோடு வந்தா?

மாதிரி எடுத்தவர் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவார், அவர் வாயாடி. கேட்கக் கூடாது என்பது விதி. அந்தப் படிவத்தை மேலாளரிடம் கொடுத்து, பார்த்துவிட்டேன், இந்த மாதிரியை நான் தொட மாட்டேன் என்றேன். வேலைக்குச் சேர்ந்து நான் முதன்முதலாக ஒன்றை மாட்டேன் என்றது அதுதான். அவர் சுவர்க்கடிகாரம் பேசியது போலப் பார்த்தார்.

என் தங்கை இதுவரை படித்துவிட்டுக் கோபப்பட்டாள். "இது ஏமாத்து வேலை. ஏழாவதா ஒரு பகுதி எழுது. அவ ஜெயிச்சாளா இல்லையான்னு தெளிவாச் சொல்லி முடி. ரெண்டு பக்கம் போதும்."

இரண்டு நாள் உட்கார்ந்தேன். மேலே 7 என்று எழுதினேன். வாக்கியத்தை இழுத்து, சுருக்கி, அளவாக்கிக் கொண்டுபோனேன். இரண்டு முறையும் நின்றுவிட்டது.

ஆகவே மணி அடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதை வெளியேற்றப்பட்டுவிட்டது. விதிப்படி இன்னும் ஒரே ஒரு தடை தாண்டலாம், புள்ளி கிடையாது. சின்னதாக ஒன்று தேர்ந்தெடுக்கலாம். மழை பெய்தது என்றோ, தூரத்தில் ஒரு குதிரை கனைத்தது என்றோ எழுதி முடிக்கலாம்.

நான் என் சுவரின் பக்கம் திரும்புகிறேன். வைக்கோல் அறை. வாசலில் செயலாளர். இல்லையா மேடம் என்று கேட்டுவிட்டு நிற்கிறார்.

"இல்ல சார். காலைல ஏழு மணிக்கே குலுக்கல் போட்டாச்சு, சீட்டு இதோ. அவ எதுவும் கொடுக்கல. குதிரை தாண்டினதுக்குக் காரணம், இந்தத் தடவை அவ அது சொன்னதைக் கேட்டா. நீங்க தப்பாப் பேசுறீங்க."

இரண்டு வருடம் தாமதம். எந்தப் பட்டியலிலும் ஏறாது. தாண்டிவிட்டேன்.

இனி அந்த மூன்று கட்டங்கள். எனக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், ஆனால் நான் வேண்டுவதைக் குறித்துவைத்தால் அது அவள் ஜெயித்தது ஆகாது. இரண்டு வருடம் விழுந்தவளை, நாற்பத்தொன்றாவது கோட்டைத் தடிப்பாக இழுத்தவளை, கையெழுத்துப் போடுங்க சார் என்றவளை நீங்களும் பார்த்தீர்கள். அன்றைக்கு வாசலில் நின்ற அக்காவையும் பார்த்தீர்கள், அந்த லாரி யார் சொல்லிக் கிளம்பும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பேனாவை எடுங்கள்.

☐ சவாரி செய்தவர்
☐ உரிமையாளர்
☐ லாயப் பணியாளர்

குறிக்கும் முன், ஒன்றிலிருந்து எண்ணுங்கள். யார் விரல் காட்டினாலும் ஆறோடு நிறுத்துங்கள்.